புதன்கிழமை டாக்டர்

ஹைமாவிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர்,
அதில் பாதி மணல்.
டாக்டர் புதன் மட்டும் வருவார்,
காற்று விட்டால்.

சர்க்கரை புதனுக்குக் காத்திருக்காது.

வியாழன் காலை
சாலிம் பின் முசல்லம் ஒற்றைச் செருப்போடு இறங்கியதை
முதலில் பார்த்தவன் டிரைவர் கல்ஃபான்.
"சிஸ்டர், அந்தக் காலைப் பாருங்கள்."

கழுவினேன்.
விரலிடுக்கில் வேல முள்,
பத்து நாளாக
அவருக்கே தெரியாமல்.

தினம் எத்தனை பேரீச்சை என்றேன்.
மூன்று என்றார்.
பதிவேட்டிலிருந்து தலை தூக்காமல் ஸுவைனா,
அவருடைய அத்தை மகள்:
"மூன்று கைப்பிடி."
அதையும் எழுதிக்கொண்டோம்.

பின்டோ இருந்த இன்சுலினை எண்ணி
இரண்டு வாரம் தாங்கும் என்றார்.
போனில் டாக்டர்.
இரைச்சலுக்கு நடுவே
நான் சொன்ன அளவையே திருப்பிச் சொன்னார்.
ஊசி போட்டு முடித்த பிறகுதான்
எனக்குக் கை நடுங்கியது.

அந்தப் புதன் காற்று விடவில்லை.
அடுத்த புதன் வந்தார்,
இமையெல்லாம் புழுதி.
"எங்கே என் நோயாளி?"

ஒட்டகம் தேடிப் போய்விட்டார், டாக்டர்,
இரண்டு காலிலும் செருப்போடு.
ஒன்று கல்ஃபானுடையது.