நான்கு கையெழுத்து

ராயபுரம் கோவில் திருநாளில்
ஒன்பதாம் இரவு நாடகம்.
பிரபு வேஷம் இருபத்திரண்டு வருஷமாய்
சந்தியாகுக்குத்தான்.
பகலில் வட்டச் செயலாளர்,
ராத்திரியில் லண்டன் கோட்டைக் கைதி.
இதுவரை மூன்று கட்சி.
வேட்டி அதேதான், கரைதான் வேறு.

கழுத்தைச் சுற்றி விசிறி மடிப்பாய் நிற்கும் பட்டி
பேக்கரி அட்டையில் வெட்டியது.
கோடாரி, காசிமேட்டில் ஐஸ் உடைப்பது;
மேலே வெள்ளித்தாள் சுற்றியிருக்கும்.
"போட மாட்டேன்.
இந்தக் கை அரசருடையது,
உள்ளே இருக்கும் எலும்பு ஆண்டவருடையது"
என்று அவன் கர்ஜிக்கும்போது
மீன்கூடைப் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள்.
ஒரு வருஷம் துடுப்புக்காரன் சந்து ஆரோக்கியம்மா
மேடையேறி
அரசரை அறைந்தே விட்டாள்.

எழுதியவன் நான்.
மாநகராட்சிப் பள்ளியில் வரலாறு எடுத்தவன்,
திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுப்பவன்.
பழைய புத்தகக் கடையில்
அட்டை போன ஒரு புத்தகத்தில்தான்
பிரபுவைப் பிடித்தேன்.
அதில் இருந்தது வேறு.

அரசர் போப்பை உதறினார்;
பிரபு கையெழுத்துப் போட்டார்.
இடித்த மடத்தின் நிலம் இருநூறு ஏக்கர் வந்தது.
பையன் அரசனானான், சொரூபங்களை உடைத்தார்கள்;
போட்டார்.
மூத்தவள் ராணியானாள், பூசை திரும்பி வந்தது;
அழுதுகொண்டே போட்டார்,
அழுகை நிஜம் என்கிறது புத்தகம்.
நிலத்தைத் திருப்பித் தரவில்லை.
இளையவள் வந்தாள்;
போட்டார்.
ஞாயிறு காலை அவளுடைய ஆலயத்தில்
தொப்பி கழற்றி நின்றவர்
இரவில் பரண்மேல், வைக்கோலுக்கு நடுவே,
ஒளிந்திருந்த சாமியாரிடம் நன்மை வாங்கினார்.
எழுபத்தாறு வயதில்
காய்ச்சல் கண்டு, மெத்தையில் செத்தார்.

மெத்தையில் செத்தவனுக்கு
யார் மூக்கைச் சிந்துவது?
நான்தான் தலையை வெட்டினேன்.

போன வருஷம் நாடகம் முடிந்து
மரக்காலில் மாவு வழிய வழிய உட்கார்ந்திருந்தான்.
அது மரக்காலே இல்லை, கவிழ்த்த ஐஸ் பெட்டி;
அவன் உட்கார்ந்த விதம் அப்படி.
மடியில் மாவட்டம் கொடுத்தனுப்பிய தாள்.
துடுப்புக்காரன் சந்து, அறுபத்தொரு வீடு,
லாரி ரோட்டுக்கு ஆட்சேபணை இல்லை.

"வாத்யாரே,
நெசமாவே அந்தாளு போடலியா?"

கொசு அடித்தேன்.
சீரியல் பல்பு ஒவ்வொன்றாய்க் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.
பொய் சொல்லியிருக்கலாம்,
இருபத்தொரு வருஷம் சொன்ன வாய்தானே.

"போட்டாரு. நாலு தடவ."

"அதான பாத்தேன்" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"பேனா இருக்கா?"

என்னிடம் இருந்தது விடைத்தாள் திருத்தும் சிவப்பு.
"பரவால்ல, குடு."

இந்த வருஷத் திருநாளுக்கு
பெரும்பாக்கத்திலிருந்து வந்திருந்தார்கள்,
மூன்று பஸ் மாறி.
மூன்றாவது வரிசையில் ஆரோக்கியம்மா,
மடியில் துணிப்பை.
தாளை நீட்டினார் அரசர்.
சந்தியாகு வாயைத் திறந்தான்.
இருபத்திரண்டு வருஷ வசனம்.
வரவில்லை.
என் கையில் பிரதி இருந்தது,
விரல் சரியான வரியில்தான் இருந்தது.
நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

ஆரோக்கியம்மா எழுந்தாள்.
அரசர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு
ஓரடி பின்னால் போனார்.
அவள் மேடையைப் பார்க்கவே இல்லை.
பையை எடுத்துக்கொண்டாள்,
கடைசி பஸ் பத்தே காலுக்கு.