ஒரே லைன்

மோடம் பேசினால் மனிதர் பேச முடியாது.
மனிதர் பேசினால் மோடம் வாய்பொத்தி நிற்கும்.
ஆலைக்கும் இந்த மாடி அறைக்கும் நடுவே
பதினான்கு கிலோமீட்டர் செம்பனை,
ஒரே லைன்.

கோல கெட்டில், இரவு பதினொன்றே கால்.
கீழே லிம் தவுக்கேயின் இரும்புக்கடை
தகரக் கதவை இழுத்துச் சாத்திவிட்டது.
சர்வர் இன்று மூன்றாவது முறை விழுந்திருக்கிறது.
விடிந்தால் சம்பள நாள்.
நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் அதன் வயிற்றில்.
கிராணி சந்தனசாமி இரண்டு தடவை கூப்பிட்டார்;
இரண்டு தடவையும்
என் இணைப்பை அறுத்தது அவர் அழைப்புதான்.

நேற்று மின்னலைக் குற்றம் சொன்னேன்.
முந்தாநாள் எலியை.
ஒருமுறை, மனம் கூசாமல், பாக் சமாட்டை.

அவரைத்தான் இப்போதும் கூப்பிடுகிறேன்.
நிறுவைக் கூடத்தில் ஒற்றைக் காவல்.
"சிவப்புப் பொத்தான். ஐந்து எண்ணி விடுங்கள்."
சத்து, டுவா, திகா, அம்பாட் —
எப்போதும் நான்கிலேயே விட்டுவிடுகிறார்.
"ஹிடுப்?"
"பெலும்."
இன்னும் உயிர் வரவில்லை.
மறுபடி. இம்முறை ஐந்து.
விசிறி சுற்றுகிறதாம், பச்சை விளக்காம்.
"இனி மணி அடித்தால் எடுக்காதீர்கள்.
அது மெஷினுக்கு வரும் போன்."
"எனக்கென்று வந்தால்
எப்படித் தெரியும்?"
பதில் சொல்ல நேரமில்லை.
எழுந்தால் நான்கு நிமிடம்தான் நிற்கும்.

முதலில்
சீவாளியை நனைத்து ஊதிப்பார்க்கும் கீச்சு.
பிறகு தகரக் கூரையில் வாரியிறைத்த மணல்.
பிறகு அமைதி; அமைதி என்றால் இணைப்பு.
பெட்டியில் ஐம்பத்தாறு என்று அச்சடித்திருக்கிறான்.
எங்கள் கம்பி இருபத்தெட்டைத் தாண்டியதில்லை,
மழையென்றால் பத்தொன்பது.

நான் தட்டும் எழுத்து
காடு கடந்து போய், தொட்டுத்
திரும்பி வந்தால்தான் திரையில் தெரியும்.
கடவுச்சொல்லுக்கே ஒரு நிமிடம் போயிற்று.
கேட்டேன்: எங்கே வலி?
வந்தது: வட்டு நூறு விழுக்காடு.
எதனால்?
ஒரே ஒரு கோப்பு.

இரவுதோறும் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டிருக்கிறது,
யாரோ எப்போதோ எழுதிவைத்த கட்டளைப்படி.
பினாங்கு எடுக்கவில்லை.
குறித்துவைத்தது. அரை நிமிடம் பொறுத்து
பினாங்கு எடுக்கவில்லை.
ஏழு மாதம்,
எழுத இடமில்லாமல் போகும்வரை.
பிறகு விழுந்தது.
எழுப்பினால் முதல் வேலையாக
விழுந்ததைக் குறிக்க இடம் தேடி
மறுபடி விழுந்தது.

தோட்ட ஆபீசில் நீல அட்டைப் புகார்ப் புத்தகம் ஒன்று உண்டு.
உதிரிப்பழ மூட்டைக்கு எடை குறைகிறது என்று
வீரம்மா அதில் ஆறு முறை எழுதியிருக்கிறாள்,
எழுத்து வரவர அழுத்தமாக.
நிரம்பினால் அலமாரிமேல் போகும்.
புதிது வாங்குவார்கள்.

அழிக்க இரண்டே எழுத்துப் போதும்.
முதல் வரியின் தேதியை மட்டும்
கைவசமிருந்த பில்லின் முதுகில் எழுதிக்கொண்டேன்,
ஏனென்று தெரியாமல்.
அழித்தேன். மறுபடி எழு என்றேன்.
லைன் அறுந்தது.
அது நியாயம், எழுவதற்கு முன் விழத்தான் வேண்டும்.

மூன்று நிமிடம் விட்டு,
மோடத்தை நம்பாமல், காதோடு அழைத்தேன்.
மணி அடிக்கிறது.
எடுக்கவில்லை.
சொன்ன சொல் தட்டாமல் பாக் சமாட்
அங்கே கைகட்டி உட்கார்ந்திருப்பார்.
எட்டு. ஒன்பது.
சர்வர் செத்துக் கிடந்தாலும்
எனக்கு இதே மணிதான் கேட்கும்.
பதினொன்றாவதில்
காதுக்குள் சீவாளி, காதுக்குள் மணல்!
வலிக்க வலிக்கக் கேட்டேன்.
யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை
நான் பேசத் தெரியாத ஒன்று
கத்திக் கேட்டுக்கொண்டிருந்தது.

கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்து ஒரு நிமிடம்.
பினாங்கைக் கூப்பிடும் நேரம் அதற்கு.
ரிசீவரை வைக்கவேண்டும்.
லைனை நான்தான் பிடித்திருக்கிறேன்.