நாற்பது நொடி

காலையில் சுவிட்சைத் தட்டினால்
எங்கள் ஜெராக்ஸ் மிஷின் சூடாக நாற்பது நொடி.
பதினோரு வருஷமாய் அந்த நாற்பதையும்
திட்டியே தீர்த்திருக்கிறேன்.
"சீக்கிரம்க்கா, கேஸ் கூப்ட்ருவாங்க" என்று
ஒரு கூட்டம் எப்போதும் ஒற்றைக்காலில்.

மதுரை மாவட்டக் கோர்ட்டுக்கு எதிரே
ஆறடிக்கு ஐந்தடிக் கடை.
செக் மோசடி, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம்,
ஊரார் சண்டையெல்லாம் என் கண்ணாடியில் குப்புறப் படுத்து
பச்சை வெளிச்சம் வாங்கிக்கொண்டு எழுந்துபோகும்.
நான்தான் எழுந்ததில்லை.
சோறு மூன்றரைக்கு.
தண்ணீர், ஞாபகம் வந்தால்.

பெரியாஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த டாக்டர்ப் பிள்ளை
நூற்று அறுபத்தெட்டு என்று எழுதி
"நடங்கம்மா" என்றது.
டவுன்ஹால் ரோட்டில் ஷூ வாங்கினேன்,
எண்ணூற்று ஐம்பது ரூபாய்.
வண்டியூர்க் கண்மாய்க் கரையில் மூன்று நாள் நடந்தேன்.
நாலாம் நாள் மழை.
ஐந்தாம் நாள் சிலிண்டர்க்காரன் வருவதாகச் சொல்லி வரவில்லை.
பிறகு இடது ஷூவில் ஒரு பல்லி குடிவந்தது.
நான் வாடகை கேட்கவில்லை.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை
அண்ணா பஸ் ஸ்டாண்டில் டவுன்பஸ் படுத்துவிட்டது.
செருப்போடு நடந்தேன்.
கைலி கட்டிய ஒருவர்
குழாயடியில் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.
அது உதறியதில் என் சேலையில் பாதி நனைந்தது.
சிரித்தேன் போலிருக்கிறது,
அவரும் சிரித்தார்.
கடை திறந்து மணி பார்த்தேன். பன்னிரண்டே நிமிஷம்.

மறுநாள் பஸ் நன்றாகத்தான் ஓடியது.
"கோர்ட்டு இன்னும் வரலம்மா" என்றார் கண்டக்டர்.
தெரியும் என்று இறங்கினேன்.

அதன்பின் அந்த நாற்பது நொடியில்
தோளைச் சுற்ற ஆரம்பித்தேன்,
முன்னால் பத்து, பின்னால் பத்து.
குமாஸ்தா ஒச்சப்பன் பார்த்துவிட்டு,
"என்னக்கா, சாமி வருதா?"
"வந்தா ஒங்க பழைய பாக்கி நூத்திநாப்பதத்தான்
மொதல்ல கேக்கும்."
ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.
இப்போது ஃபைல் கட்டைக் கீழே வைத்து
அவரும் சுற்றுகிறார்,
கொசு விரட்டுபவர்போல்
முகத்தை வேறுபக்கம் வைத்துக்கொண்டு.

தண்ணீர் பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டேன்:
பதினொன்று, ஒன்று, மூன்று.
கோடு தப்பினால் வாரண்டா வரப்போகிறது?
ஆனால் எத்தனை வருஷம்தான்
வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கும் இந்த உடம்பு.

ராத்திரி எட்டரைக்கு மேல் போன் அரிசி டப்பாவுக்குள்.
"ஏம்மா, ஊறப் போட்டிருக்கியா?" என்றாள் பெனிட்டா.
மொச்சை உரித்துக்கொண்டே ஏதோ பேசினாள்.
அவள் ஸ்கூலில் கூடைப்பந்து ஆடுகிறாள்,
ஒன்றரை வருஷமாக.
உரித்த தோலையே பார்த்துக்கொண்டிருந்தேன்
கொஞ்ச நேரம்.

எல்லா நாளும் அப்படி இல்லை.
போன புதன்கிழமை டோனர் கொட்டி,
கோடெல்லாம் அப்படியே நிற்க,
நான்கு உளுந்தவடையை நின்றபடி விழுங்கினேன்.
வியாழன் அன்று
அண்ணா பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன்.

பிரஷர் இப்போது நூற்று நாற்பத்தாறு.
மாத்திரையை நிறுத்தவில்லை அந்தப் பிள்ளை,
நானும் கேட்கவில்லை.

இன்றைக்குப் பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
மிஷின் அடங்கியதும்
எதிர் மரத்தில் இத்தனை மைனாவா என்றிருந்தது.
தள்ளுவண்டியில் ஒரு கொய்யா வாங்கி
மிளகாய்ப்பொடி தொட்டு, உட்கார்ந்து தின்றேன்.
பாதி ஒச்சப்பனுக்கு.

கரண்ட் வந்தது.
பன்னிரண்டு கைகள் ஒரே நேரத்தில்
காகிதத்தை நீட்டின.

இருங்கண்ணே,
அது சூடாகட்டும்.