மறு அளவு

குறுக்குக் கம்பி நேராக இருப்பதில்லை.
நான்கு மீட்டர் நீளம். தன் எடை தாளாமல்
நடுவில் கொஞ்சம் தொய்யும்.
அந்தத் தொய்வில்தான் அளக்க வேண்டும்,
தரையிலிருந்து செங்குத்தாக.
உலக உயரம் என்று ஏட்டில் ஏறுவது
ஒரு கம்பியின் தளர்ந்த வயிறு.

நான் நில அளவையாளன்.
வல்மியெராவைச் சுற்றிய வேலிச் சண்டைகள் என் பிழைப்பு.
ஒற்றை ஆப்பிள் மரத்துக்காக
அண்ணனும் தம்பியும் பதினொரு வருடம் பேசாத பண்ணையில்
சேற்றில் முக்காலி ஊன்றி நின்றிருக்கிறேன்.
மரம் தம்பிக்கு, அதன் நிழல் அண்ணனுக்கு என்று
கோடு சொன்னது.
நான் சொல்லவில்லை.

கோடைச் சனிக்கிழமைகளில் மட்டும்
வெள்ளைத் தொப்பி, எஃகு நாடா,
உயரம் தாண்டும் மெத்தையருகே ஒரு மடக்கு நாற்காலி.

அன்று ஆகஸ்ட் கடைசி.
விளக்குக் கம்பத்துக் கூடு காலி;
செங்கால் நாரைகள் முந்தின நாள்தான் தெற்கே போயிருந்தன.
மற்ற பெண்கள் எல்லோரும் தோற்று முடித்து
போர்வைக்குள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள்.
மதாரா மட்டும் மிச்சம்.
எங்கள் மேசைக்கு வந்து ஒரு எண்ணைச் சொன்னாள்.
எந்தப் பெண்ணும் அதுவரை தாண்டாத எண்.
இருந்ததைவிட ஒரே ஒரு சென்டிமீட்டர்.

சாண் ஏற முழம் சறுக்கும் என்பார்கள்.
இங்கே சாணும் முழமும் பெரிய பேச்சு.
என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்,
அவ்வளவுதான் கேட்டாள்.

ஏணியில் ஏறி அளந்தேன். சரி.
முதல் முறை, குதிகால் உரசியது.
கம்பி மெத்தையில் அவளுக்கு முன்னால் போய் விழுந்தது.
இந்துலிஸ் அதை எடுத்துத் திரும்ப வைத்தான்.

இரண்டாவதுக்குக் கையைத் தூக்கினாள்.
ரொட்டிக்கடையை அடைத்துவிட்டு வந்த கூட்டம்
ஒரே தாளத்தில் தட்டத் தொடங்கியது.
பின்னால் சாய்ந்தாள். முதல் எட்டு.
இருபது வருடமாகப் பார்க்கிறேன்,
சில ஓட்டங்கள் கிளம்பும்போதே தெரிந்துவிடும்.
காலுக்கும் தரைக்கும் ஏதோ ரகசிய உடன்பாடு போல
சத்தமே இல்லாமல் வந்தாள்.
இரண்டு. மூன்று.

அப்போதுதான் ஞாபகம் வந்தது:
விழுந்த கம்பியை மறுபடி அளக்கவில்லை.

நாலாவது எட்டில் சிவப்புக் கொடியைத் தூக்கினேன்.

வளைவிலிருந்து பிய்ந்து
புல்வெளிப் பக்கம் ஓடி நின்றாள்.
கைதட்டல் ஒவ்வொரு கையாக அணைந்தது.
ஏணி வந்தது. ரசமட்டம் வந்தது.
யாரோ என் அம்மாவைப் பற்றி ஏதோ கத்தினார்கள்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன்.
ஒரு நூல் கூடவில்லை, ஓர் இம்மி குறையவில்லை.
அதே எண்.
'மறு அளவு: மாற்றம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
ஆறு நிமிடம் ஆனது.
கௌயா நதியிலிருந்து காற்று கிளம்பியிருந்தது.
அவள் கால்சட்டையை மாட்டிக்கொண்டாள், கழற்றினாள்,
மறுபடி மாட்டிக்கொண்டாள்.

இரண்டாவது முறை தோளிலேயே போனது.
மூன்றாவதில் கெண்டைக்கால் பட்டது.
கம்பி இரண்டு தடவை துள்ளியது,
யோசித்தது,
இடப்பக்கமாக இறங்கிவிட்டது.

எல்லோரும் போன பிறகு
மெத்தைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன்.
பையோடு வந்து நின்றாள்.
"அப்போது எவ்வளவு இருந்தது?"
"அதேதான்."
தலையாட்டினாள். திட்டுவாள் என்று நினைத்தேன்;
திட்டியிருந்தால் விதி எண்ணைச் சொல்லியிருப்பேன்.
"ஒருதரம் பிடித்துக் காட்டுங்கள்," என்றாள்,
"கம்பி இல்லாமல்."

நாடாவின் நுனியை ஷூவால் மிதித்துக்கொண்டாள்.
நான் இழுத்துக்கொண்டே போனேன்.
என் நெற்றி, என் தொப்பி,
அதற்கும் மேலே கை நீண்டு முடிகிற இடம்.
கட்டைவிரலை அந்தக் கோட்டில் வைத்தேன்.
அண்ணாந்து பார்த்தாள்.
என் விரலும் கொஞ்சம் சாயங்காலமும் தவிர
அங்கே எதுவும் இல்லை.
வெகுநேரம் பார்த்தாள்.
கை வலித்தது. இறக்கவில்லை.

பிறகு காலை எடுத்தாள்.
நாடா சீறிக்கொண்டு
என் கைக்குள் ஓடிவந்தது.