கதவில் சாப்பிட்ட வியாழக்கிழமை

காகித ஆலை செப்டம்பரில் மூடியது.
நவம்பர் முதல் தேதி மார்லிஸ்
ஓர் உறைக்குள் முப்பத்தோரு டாலரை வைத்து
மேலே "நன்றித் திருநாள்" என்று எழுதி
ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.
அதற்குள் அடங்க வேண்டும். அவ்வளவுதான்.

வான்கோழி இலவசம்.
அவள் கல்லாவில் நிற்கும் கடையில்
நானூறு டாலருக்குச் சாமான் வாங்கினால் தருவார்கள்.
மூன்று மாதத்து உருளைக்கிழங்கு, சோப்பு, பூனைத்தீனி
எல்லாம் கூட்டி
நானூற்று இரண்டைத் தொட்டிருந்தோம்.
ஹாலோவீன் முடிந்த மறுநாள்
யாருக்கும் வேண்டாத பூசணி மூன்று, கால் விலைக்கு.
கிரான்பெர்ரி ஒரு பை.
காய்ந்த ரொட்டியை நான் நறுக்கினேன்,
வேறு வேலை இல்லாதவனின் பொறுமையோடு,
எல்லாத் துண்டும் ஒரே அளவில்.

மாடிவீட்டு டெல்ஃபினை அவள்தான் அழைத்தாள்,
இரட்டைப் பிள்ளைகளோடு.
பிறகு டெல்ஃபினின் அண்ணனை.
பிறகு பக்கத்துக் கல்லா எல்வுட்,
மனைவி போனபின் அவனுக்கு முதல் நவம்பர்.
ஆக ஒன்பது பேர்.
எங்கள் மேசை நால்வருக்கு,
அதிலும் ஒருவர் முழங்கையை மடக்கிக்கொள்ள வேண்டும்.

"கதவு இருக்கே" என்றாள் டோவா. வயது ஆறு.

அவள் சொன்னது அண்ணனின் கதவை.
ராய்ஸுக்குப் பதினைந்து.
செப்டம்பரிலிருந்து அதற்குப் பின்னால்தான் வாழ்கிறான்.
சாத்தும் சத்தத்தை வைத்து
அன்றைய வானிலையைத் தெரிந்துகொள்வேன்.
போய் நின்றேன். கேட்டேன்.
மகனிடம் கடன் கேட்கக் கூச்சப்படும் பொருள் அது.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு உள்ளேயிருந்து:
"ஸ்க்ரூடிரைவர் எங்கே?"

கீல்களை அவனே கழற்றினான்.
மரம் அறுக்கும் தாங்குகட்டைகள் இரண்டின் மேல் கிடத்தி
கடையின் பழுப்புக் காகிதப் பைகளை வெட்டி விரித்தோம்.
குமிழை மறந்துவிட்டோம்.
காகிதத்தைக் கிழித்துக்கொண்டு
பித்தளைத் தலையை நீட்டியது.
இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள் மார்லிஸ்.

சாலைப் பள்ளத்தில் பனிக்கு மேலே நின்ற
சிவப்புக் குச்சிகளை டோவா ஒடித்து வந்தாள்.
ஊறுகாய் பாட்டிலில் அவை.
ஜாம் பாட்டில்களில் மெழுகுவர்த்தி மிச்சங்கள்,
கோடைப் புயலில் மின்சாரம் போன இரவுகளுடையவை.
நாற்காலியை அவரவர் சுமந்து வந்தார்கள்.
எல்வுட் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான்.

வரிசையாக எழுந்து நன்றி சொல்லும் வழக்கத்தை
இந்த வருடம் விட்டுவிட்டோம்.
என் முறை வரும்போது
தொண்டை என் பேச்சைக் கேட்காது என்று
மார்லிஸுக்குத் தெரியும்.
அதனால் ஆளுக்கொரு க்ரேயான்.
தட்டுக்குப் பக்கத்தில் எழுதலாம், வரையலாம்,
சும்மாவும் இருக்கலாம்.

டெல்ஃபின்: "இரவு ஷிஃப்ட் இல்லாத இரவு."
அவள் அண்ணன் சிந்திய குழம்பைச் சுற்றிக் கோடு போட்டு
ஏரி என்று பெயர் வைத்தான்.
இரட்டையர் ஒருவர் பெயரை ஒருவர் எழுதினார்கள்,
இரண்டிலும் பிழை.
எல்வுட் ஒரு பெயர் எழுதி
தட்டை அதன் மேல் நகர்த்திக்கொண்டான்.
நான் "உருளைக்கிழங்கு" என்று எழுதினேன்.
அதுவரைதான் வந்தது.

ராய்ஸ் குமிழைச் சுற்றி வட்டமாய் எழுதினான்.
தலையைச் சாய்த்துப் படித்தோம்:
"தட்டிவிட்டு வரவும்."

டோவா உடனே தட்டினாள். மூன்று முறை.
கிண்ணங்கள் அதிர்ந்தன.
"யாரது?" என்றான் அவன், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.
"கிரான்பெர்ரி வேணும்."
"உள்ளே வரலாம்."
அதன்பின் யாரும் எதையும் சும்மா கேட்கவில்லை.
பூசணி பைக்கு எல்வுட் தட்டிய தட்டில்
ஒரு மெழுகுவர்த்தி அணைந்தே போனது.

உறையில் மிச்சம் நாலு டாலர் பதினைந்து சென்ட்.

கதவை மாட்ட ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது.
அதுவரை அந்த அறை வாய் திறந்து கிடந்தது.
வெள்ளி இரவு அந்தப் பக்கம் போனவன்
வெறும் நிலைச்சட்டத்தில்
இரண்டு தட்டு தட்டினேன்.

"திறந்துதானே இருக்கு" என்றான்.

தெரியும் என்றேன்.