மற்றவை: குறிப்பிடுக

அப்பாஸியாவில் லிஃப்ட் பழுதான கட்டடம்.
ஐந்தாம் மாடிவரை நான் எண்ணிக்கொண்டு ஏறியது
படிகளை அல்ல, படிவங்களை.
இது முப்பத்தேழாவது.

மூன்று நாளாய்ப் புழுதிக்காற்று.
மாடி திரும்பும் ஒவ்வொரு ஜன்னலிலும்
கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் போட்ட வட்டம்.
குறித்துக்கொள்ளவில்லை.
அதற்கென்று என்னிடம் கேள்வி இல்லை.

கதவைத் திறந்த பிலோமி
வாங்க என்பதற்கு முன்
"இதனால எங்க விசாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றாள்.
ஒப்புதல் கடிதத்தை நீட்டினேன்.
பெயர் வராது, சிவில் ஐடி எண் வராது,
பிடிக்காத கேள்வியைத் தாண்டிப் போகலாம்.
"தாண்டிப் போறது எங்களுக்குப் பழக்கந்தான்"
கையெழுத்திட்டாள்.

கேள்வி ஆறு.
மகனுக்காக எத்தனை பள்ளிகளில் விண்ணப்பித்தீர்கள்?
ஒன்பது.
அவற்றுள் எத்தனை மறுத்தன?
"யாரும் மறுக்கல மேடம்.
சீட் இல்லன்னாங்க.
ஒருத்தர் மட்டும் டீ கொடுத்து, இல்லன்னார்."

மறுப்பு: பூஜ்யம் என்றா எழுத?
பேனா மூடியைக் கழற்றி மறுபடி மூடினேன்.

பத்தாவது பள்ளி சேர்த்துக்கொண்டது,
கூடவே அமர ஒருத்தரை
வீட்டாரே வைத்துக்கொள்வதென்றால்.
ஷேடோ டீச்சர்.
படிவத்தில் அதை நிழல் ஆசிரியர் என்று
தமிழாக்கியது நான்தான்.
அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஐம்பது டிகிரி ஊரில்
நிழலுக்கு விலை உண்டென்பது தெரியாதவர் யார்.
கார் நிறுத்தும் தகரக் கூரைக்கு மாதம் பத்து தினார்.
இந்த வீட்டு நிழலுக்கு நூற்றெழுபது.
கிளினிக் வரவேற்பறையில் பிலோமியின் சம்பளம்
நூற்றெண்பது.
மிச்சம் பத்து?
"பஸ்ஸுக்கு."

வேலையை விட்டு நீங்களே உட்காரலாமே.
கேட்டிருக்கக் கூடாது,
படிவத்தில் இல்லாத கேள்வி அது.
அவள் கோபப்படவில்லை.
"நான் பக்கத்துல இருந்தா அம்மாவும் பிள்ளையும்.
தர்ஷிகா இருந்தா
அவன் ஸ்டூடண்ட்."

அதுவரை ஆன்சில் முதுகு காட்டி நின்றிருந்தான்.
பதினொரு வயது.
ஏசியிலிருந்து வாளியில் விழும் சொட்டுகளை
வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தவன்
ஏதோ ஒரு எண்ணில் நிறுத்திவிட்டு வந்தான்,
என் கையிலிருந்து படிவத்தை எடுத்தான்,
பென்சில் கேட்டு விரல்களை விரித்தான்.

பள்ளியின் ஆதரவில் உங்கள் திருப்தி,
ஒன்று முதல் ஐந்து வரை,
பொருந்தும் வட்டத்தை நிரப்புக.

ஐந்தையும் நிரப்பினான்.
அடுத்த கேள்விக்கும் ஐந்து.
"டேய்" என்று எழுந்தவளை
நான்தான் கைகாட்டி அமர்த்தினேன்.
நாற்பத்தொரு கேள்வி, இருநூற்றைந்து வட்டம்.
கோட்டுக்கு வெளியே ஒரு கீறல் இல்லை.
ஒரு வட்டத்தையும் வெறுமையாய் விட
அவனுக்கு மனம் வரவில்லை.

முக்கால் மணி நேரம்.
பிலோமி அதற்குள் ஒரு டீயைச்
சூடாகவே குடித்து முடித்தாள்.
கோப்பையைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தாள்,
பரிசு வாங்கியவள்போல்.

இறங்கும்போது பார்த்தேன்,
ஜன்னல் வட்டங்கள்
ஒரு பையனின் தோள் உயரத்தில் இருந்தன.
ஏறும் வழியில் அவன் மூச்சு வாங்கும் இடங்கள்.

ஸ்கேனர் அந்தப் படிவத்தை எடுக்கவில்லை.
செல்லாதது, நீக்கிவிடு என்றார் பேராசிரியர்;
அவர்மேல் தப்பில்லை, விதி அப்படி.
அறிக்கை வந்துவிட்டது.
பங்கேற்ற குடும்பங்கள் முப்பத்தாறு.
சமூக ஆதரவு மிதமான அளவில் உள்ளது.

முப்பத்தேழாவது என் மேஜை இழுப்பறையில்.
தொட்டால் விரலில் இன்னும் கரி ஒட்டும்.
கடைசிப் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தை
ஆன்சில் தொடவே இல்லை.
மற்றவை: குறிப்பிடுக என்று போட்டு
ஒரு நீளக் கோடு.
அங்கே வட்டம் இல்லை.

நானும் அதில்
இதுவரை ஒன்றும் எழுதவில்லை.