காலி அறைகள் மூன்று

அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளைத் துடைத்து விற்கிறேன்
கௌனஸில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால்.
ஒவ்வொன்றின் நெற்றியிலும்
யாரோ ஒட்டிய பெயர்ச்சீட்டின் பசை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய், பனி அப்பிய பூட்ஸுடன்
எய்முத்தே வந்தார். பிஸ்கட் டின்னைக் கல்லாவின்மேல் வைத்தார்.
திறந்தால் பிஸ்கட் இல்லை:
ஒன்பது வன்தட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு காலுறைக்குள்.
காதைத் தொட்டு, இல்லையென்று விரலை ஆட்டி,
என் ரசீதுப் புத்தகத்தைத் தன்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வியாழக்கிழமைகளில் எங்கள் மன்றத்தில் கதை சொல்வார்கள்.
பதினோரு வருடமாகப் படம் பிடிக்கிறேன்.
எல்லாம் ஒரே பெட்டிக்குள் வர வேண்டும்,
இனி வரும் வியாழன்களும்.
படம் திக்கக் கூடாது."

படம் திக்கினால் எனக்கு எரிச்சல், அவ்வளவுதான்.
பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், உதடு பிந்தி வந்து சேரும்.
கையால் பேசுகிறவர்களுக்கு
ஒரு ஃபிரேம் விழுந்தால் ஒரு சொல் விழுகிறது.
இது அன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒல்லிப் பெட்டியைத்தான் முதலில் காட்டினேன்.
அகராதி அளவு. டிவிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.
லாபமும் அதில்தான் அதிகம், மறைப்பானேன்.
அவர் மூன்றாம் காலுறையை உரித்துச் செருகினார்.
திரையில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட தடித்த மனிதர்
காற்றில் ஒரு மாட்டையோ மாமியாரையோ வரைந்தார்.
வேகம் கூடியது, கூடியது, முடிகிற இடத்தில்
படம் ஒரு துள்ளு துள்ளியது;
அவர் கைகள் ஏற்கெனவே மடியில் கிடந்தன.

"இது ஒரு நகைச்சுவை," என்று எழுதினார் எய்முத்தே.
"கடைசிச் சொல்லை உங்கள் பெட்டி தின்றுவிட்டது."

மூடியைக் கழற்றிப் பார்த்தார். ஒரே ஒரு தட்டுக்கு இடம்.
இரண்டாவதை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கீழ் அலமாரியிலிருந்து தடியனை இழுத்தேன்.
நில அளவை அலுவலகத்தில் வரைபடம் பார்த்துக் கிழடுதட்டியது,
விலாவில் நீளக் கீறல். ஆனால்
நான்கு தட்டுக்கு அறை, மூன்று காலி.
படத்தைப் பிரித்துக் கொடுக்கவென்றே தனி அட்டை.
"விசிறி மட்டும் கொஞ்சம் இரையும்," என்று எழுதினேன்.
எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது.
"இரைச்சலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.
அதற்கு எவ்வளவு தள்ளுபடி?"

பத்து யூரோ.

பிறகு கையுறையைக் கழற்றி
ஓடும் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல. நெடுநேரம்.
விசிறியை ஒதுக்கி, அதற்கும் கீழே
எதையோ தேடியது கை.
"உள்ளே இருக்கும் தட்டு நொண்டுகிறது."

சோதித்தேன். முந்நூற்றுச் சொச்சம் இடங்களில் பழுது.
மூன்று வாரமாக என் முழங்காலருகே ஓடிய பெட்டி.
ரேடியோவும் பாடிக்கொண்டுதான் இருந்தது.

புதுத் தட்டு மாட்டினேன், எட்டு டெராபைட்.
இன்னொன்று சம்பளம் வந்ததும் என்றார்.
சிவப்பு ஸ்வெட்டர் மறுபடி வந்தார், வரைந்தார்,
விரல்கள் இரண்டும் மூக்கருகே ஏதோ செய்தன, இந்த முறை முழுதாக.
எய்முத்தே சிரித்தார்.
கேபிள் பொறுக்கிக்கொண்டிருந்த பையன் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு,
மேசையைத் தட்டித் தட்டி.
எனக்காக மெதுவாக ஓட்டிக் காட்டினார்.
ஒன்றும் புரியவில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டினேன்,
கண்டுபிடித்துவிட்டார்.

குழந்தைகள் சறுக்கும் பலகையில் பெட்டியைக் கம்பளியால் சுற்றிக் கட்டினோம்.
டின்னை மட்டும் கொடுக்கவில்லை, கக்கத்தில்.
கயிற்றை இழுத்தபடி போனார், திருப்பத்தில் நின்று
முடிச்சை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

கடைக்குள் வந்து ரேடியோவை அணைத்தேன்.
ஒல்லிப் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
அதன்மேல் கையை வைத்தேன்.
சூடு. வேறொன்றும் எட்டவில்லை.